கண்ணாடியை உடைப்பதா, கறையைத் துடைப்பதா?

"அயல்நாட்டான் நம் நாட்டைப் பழித்து எழுதினால் நாம் என்ன செய்வது, அய்யா?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நாம் வாய் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து விடை பறந்து வந்தது: "கொளுத்தவேண்டும்!" வகுப்பு முழுதும் கைதட்டிற்று. நாம் தட்டவில்லை. அந்தக் கைதட்டலுக்கு நூறாண்டு வயதாகப்போகிறது, தோழர்களே!

1927ஆம் ஆண்டு அமெரிக்க மாது காதரின் மேயோ, 'மதர் இந்தியா' எனும் நூலை வெளியிட்டார். பொம்மை வைத்து விளையாடும் வயதில் மணம், தானே குழந்தையாயிருக்கும்போதே தாய்மை, விதவையர் படும் வேதனை, தீண்டாமைக் கொடுமை ஆகியவற்றை அடுக்கடுக்காக எழுதினார். எழுந்தது கொந்தளிப்பு! நூலின் படிகள் தீக்கிரையாயின. மறுப்பு நூல்கள் குவிந்தன. லாலா லஜபதிராய் எழுதினார்; சி. எஸ். ரங்க அய்யர் எழுதினார்; கே. எல். கௌபா 'அங்கிள் ஷாம்' என்று பெயரிட்டு அமெரிக்காவின் அழுக்கை அள்ளிக் காட்டினார். அண்டை வீடு நாறுகிறது என்பது, நம் வீடு மணக்கிறது என்பதற்குச் சான்றாகுமோ?

மேயோ உத்தமி என்று வாதாட நாம் வரவில்லை. இந்தியர் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர் என நிலைநாட்டவே அவர் எழுதினார். பிலிப்பைன்ஸ் மக்களின் விடுதலைக்கு எதிராகவும் முன்னரே எழுதியவர். சிற்சில இடத்தில் கண்டதை நாடு முழுதுக்கும் பொதுவாக்கினார். கோணல் கண்ணாடிதான், ஒப்புகிறோம். ஆனால் முகத்தில் இருந்த கறை, கண்ணாடி பூசிய கறையா?

'சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை' என்று அந்நூலுக்குப் பெயர் சூட்டினார் காந்தியார். அந்தப் பெயரை நாடெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டது. அதே கட்டுரையில், குற்றச்சாட்டுகளின் உட்கருத்தை நாம் மறுத்துவிட முடியாது என்றும் அவர் எழுதினார். அதை வசதியாக மறந்துவிட்டது!

உண்மையான மறுமொழி எது? ஹர்பிலாஸ் சார்தா கொணர்ந்த மசோதா, இந்தப் புயலுக்கிடையே விவாதிக்கப்பட்டு, 1929இல் சட்டமாயிற்று. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று மணவயதுக்கு வரம்பிட்டது. மாதர் சங்கங்கள் அதன்பின் அணிவகுத்து நின்றன. வைதிகரோ, சாத்திரம் கெட்டது, சம்பிரதாயம் அழிந்தது என்று அலறினர். மேயோவின் பழிப்பைக் கண்டு துடித்த மானம், பத்து வயதுச் சிறுமியின் கழுத்தில் தாலி ஏறியபோது எங்கே உறங்கிற்று?

பழங்கதை என்பீர்களோ? 2015 மார்ச்சில், டெல்லியில் 2012ஆம் ஆண்டு நிகழ்ந்த கொடுமையைப் பற்றிப் பி.பி.சி. ஒரு படம் வெளியிட்டது. வழக்கு மேல்முறையீட்டில் இருக்கக் குற்றவாளியின் பேட்டி முறையா என்று பெண்ணுரிமையாளர் சிலர் கேட்டனர். நேர்மையான கேள்வி. ஆனால், நாட்டை இழிவுபடுத்தும் சதி என்ற கூச்சலும் எழுந்தது; படத்துக்குத் தடையும் விழுந்தது. சிறையிலிருந்த குற்றவாளி அந்தப் பெண்ணையே பழித்தான். சட்டம் கற்ற வழக்குரைஞர்களும் அப்படத்தில் பெண்ணுக்கே வேலி கட்டிப் பேசினர். படத்தைத் தடுத்தாயிற்று; அந்த எண்ணத்தைத் தடுத்தோமா?

பொய்யாகப் பழித்தால் வாளாவிருப்பதா? வேண்டாம். 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அதற்குப்பின், விண்வெளிச் சீமான்களின் மன்றக் கதவை மாட்டோடு வந்து தட்டும் குடியானவனாக இந்தியாவைத் தீட்டியது, நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் கேலிச்சித்திரம். வாசகர்கள் கண்டித்து எழுதினர். ஏடு வருத்தம் தெரிவித்தது. தீவட்டி எதற்கு? வானில் சுற்றிய கலமே சான்றாக நின்றது!

ஆகவே, பழிப்புரை வரும்போது, சொன்னவன் யார் என்று கேட்குமுன், சொன்னது மெய்யா என்று கேட்போம். பொய்யெனில் சான்று காட்டி முறியடிப்போம். மெய்யெனில் நாணுவோம், நாணியபின் திருத்துவோம்.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, நம் அரசே எடுத்தது. 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 23.3 விழுக்காட்டினர் 18 வயது நிரம்புமுன் மணமானவர்கள் என்கிறது அது. இதற்கு எந்த மேயோவைக் கொளுத்துவது?

கைதட்டிய அந்த வகுப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. கோடை விடுமுறையில் அந்தப் பெண்ணுக்கு மணமாகிவிட்டது. கொளுத்தவேண்டும் என்று முழங்கிய மாணவன், அந்த மணத்துக்குச் சென்று விருந்துண்டு வந்தவன். நாமோ, பள்ளி திறந்து ஒரு வாரம் சென்றபின்தான் செய்தி அறிந்தோம். ஆசிரியர் எனும் பெயர் தாங்கிய நமக்கும் அதில் பங்கில்லையா?

அன்று கரும்பலகையில் மேயோவின் பெயரை அழித்துவிட்டு, 1098 என்று எழுதினோம். குழந்தைகளைக் காக்க அழைக்கவேண்டிய தொலைபேசி எண் அது. "அடுத்த அழைப்பிதழைக் கண்டால், விருந்துக்குப் போகுமுன் இந்த எண்ணை அழையுங்கள்" என்றோம். இம்முறை எவரும் கைதட்டவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.