எழுத்து பிறவியில் வருவதல்ல

"எழுத்தெல்லாம் பிறவியிலேயே வரணும், சொல்லிக் கொடுத்து வராது." தமிழர் கூடும் இடமெல்லாம் கேட்கும் பேச்சு இது. மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் மேல் இது இன்னும் கனமாக விழுகிறது. கட்டுரை எழுதத் திணறும் பிள்ளையின் கையில் மாதிரிக் கட்டுரையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதோடு பெரியவர்களின் கடமை முடிந்துவிடுகிறது. கொழுந்து பறிக்க வந்தவளுக்குப் பக்கத்தில் நின்று விரலைப் பழக்கிய சமூகம், பேனா பிடித்தவனை மட்டும் வரம் வாங்கி வரச் சொல்வது அநியாயம்.

இந்த நம்பிக்கையை இதே நாடு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பொய்யாக்கிவிட்டது. 1950இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தபோது, 'தமிழ் நேசன்' நாளிதழ் 'கதை வகுப்பு' தொடங்கியது. நடத்தியவர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும். கதை எழுதுவது எப்படி என்று நாளிதழ் வழியாகவே வாசகர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். 1952இல் தமிழ்நாட்டின் இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமி அதே பத்திரிகைக்கு ஆசிரியராக வந்தார். 1957 வரை இருந்து, இளம் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கியம் பேசினார். அதே பத்தாண்டில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' நாளிதழ், மாணவர் மணிமன்றம் மூலம் பள்ளிப் பிள்ளைகளை எழுத வைத்தது. மலேசியத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதுபவர் யாரும் இந்த முயற்சிகளைத் தாண்டிப் போக முடியாது.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட தமிழ்நாட்டு எழுத்தாளர் ஜெயகாந்தனைச் சிலர் எதிர்ச்சான்றாகக் காட்டுவார்கள். அவர் வளர்ந்தது சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில். அச்சுக்கூடத்தில் வேலை செய்துகொண்டே, வாசித்தும் விவாதித்தும் தமிழ் கற்றவர் அவர். பள்ளிக்கூடம் இல்லாமல் போனதே தவிர, பயிற்சி இல்லாமல் போகவில்லை.

பயிற்சி என்ன செய்யும்? "அம்மா மிகவும் சோர்வாக இருந்தார்" என்று ஒரு சிறுமி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "வீட்டுக்கு வந்ததும் அம்மா என்ன செய்தார்?" என்று ஆசிரியர் கேட்டால் போதும். "கூடையை இறக்கி வைத்த பிறகும் அம்மாவின் முதுகு நிமிரவில்லை" என்று அவளே திருத்திவிடுவாள். முதல் வரி யார் வீட்டு அம்மாவுக்கும் பொருந்தும். இரண்டாவது வரியில் மலைச்சரிவு இருக்கிறது, பாரம் இருக்கிறது, பார்த்துக்கொண்டிருந்த ஒரு மகளும் இருக்கிறாள். நடுவில் வந்தது தெய்வ அருள் இல்லை, ஒரு கேள்வி.

'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. அது ஏற்ற பொறுப்பை இன்று தமிழ்ப்பள்ளியும் எழுத்தாளர் அமைப்புகளும் ஏற்க வேண்டும். மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தை மூடிவிட்டு, பிள்ளையின் முதல் பிரதியைக் கேள்வியோடு திருப்பிக் கொடுத்து, இரண்டாவது பிரதி வரும்வரை காத்திருக்க வேண்டும்.