பனை நடுவோரின் மகாநாடு

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் முன்னோர் வாக்கு. வளவின் மூலையிலே பனங்கொட்டையைப் புதைக்கும் முதியவருக்கு, அது காய்க்கும் நாளில் தாம் இருக்கப் போவதில்லை என்பது நன்றாகத் தெரியும். தெரிந்தும் புதைக்கிறார். ஆனால் புதைக்குமுன் அவர் ஒரு காரியம் செய்கிறார். எந்த மூலையில் வைப்பது, நாளை வேலிக்கு இடைஞ்சலாகுமா, அயலவர் மனம் நோகுமா என்று வீட்டாரை அழைத்து யோசனை கேட்கிறார்.

அத்தகைய யோசனைக் கூட்டம் ஒன்றைப் பற்றியே இந்த வாரம் வாசகர்களுடன் பேச விரும்புகிறோம். கூடியவர்கள் விஞ்ஞானிகள். அவர்கள் நட எண்ணியது பனையன்று. பூமிக்கடியிலே பல மைல் சுற்றளவில் அமையும் ஓர் இராட்சதப் பொறி.

அணுவினுள்ளே கருவும், கருவினுள்ளே புரோத்தனும் நியூத்திரனும், அவற்றினுள்ளே அவற்றினும் நுண்ணிய துணிக்கைகளும் உள்ளன என்பதை இன்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். இத்துணிக்கைகளை ஏறக்குறைய ஒளியின் வேகத்திற்கு முடுக்கி, ஒன்றோடொன்று மோதவிட்டு ஆராயும் கருவியே மோதுபொறி. இரண்டு தேங்காய்களை மோதவிட்டால் சிரட்டையும் சொட்டும் சிதறும். உள்ளே இருந்ததே வெளியே வரும். இங்கு நிகழ்வதோ வேறு. மோதலின் சக்தி, முன்பு அங்கே இல்லாத புதிய துணிக்கைகளாக உருவெடுக்கிறது. எவ்வளவுக்குச் சக்தி கூடுகிறதோ, அவ்வளவுக்குக் கனமான துணிக்கைகளைக் காணலாம். மிகச் சிறியதைக் காண மிகப் பெரிய கருவி தேவைப்படும் விந்தை இதுதான்.

1982ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் கொலராடோ மலைப்பிரதேசத்திலுள்ள ஸ்னோமாஸ் என்னும் சிற்றூரிலே, அமெரிக்கப் பௌதிகச் சங்கத்தின் துணிக்கைப் பிரிவினர் கூடி, அடுத்து எந்தப் பொறியை அமைப்பது என்று ஆராய்ந்தனர். பின்னர் இத்தகைய கூட்டங்கள் பல நடந்தன. இடம் மாறியது, பெயர் மாறவில்லை. 2013இல் மினியாப்பொலிஸ் நகரிலும் 2022இல் சியாற்றில் நகரிலும் நிறைவு மகாநாடுகள் நடந்தபோதும் அவை ‘ஸ்னோமாஸ்’ என்றே அழைக்கப்பட்டன.

ஒரு கலியாணத்துக்கு நாள் குறிப்பதே எத்தனை பாடு என்பதைக் குடும்பஸ்தர்கள் அறிவார்கள். சியாற்றில் மகாநாட்டுக்கான ஆயத்தமோ ஆண்டுக்கணக்கில் நடந்தது. வேலை பத்துத் துறைகளாக வகுக்கப்பட்டது. முதலில், இரண்டு பக்கங்களுக்கு மேற்படாமல் தத்தம் எண்ணத்தை எழுதியனுப்புமாறு அனைவரும் கேட்கப்பட்டனர். 1500க்கு மேற்பட்ட மடல்கள் வந்து குவிந்தன. பின்னர் 500க்கு மேற்பட்ட விரிவான கட்டுரைகள் வந்தன. 2021இல் நடக்கவிருந்த மகாநாடு, கொள்ளைநோயின் காரணமாக ஓராண்டு தள்ளிப்போயிற்று.

ஒரு பொறியைக் கட்டுவதற்கு இத்தனை பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். டெக்ஸாஸ் மாநிலத்தின் வாக்ஸஹாச்சி என்னும் ஊரில் நடந்ததை அறிந்தவர்கள் அவ்வாறு வினவமாட்டார்கள். பின்னர் அங்கே 87 கிலோமீற்றர் சுற்றளவில் அமையவிருந்த, உலகிலேயே பெரிய மோதுபொறித் திட்டத்துக்கு 1987இல் ஜனாதிபதி ரீகன் சம்மதம் அளித்தார். 440 கோடி டொலர் என்று மதிப்பிடப்பட்ட செலவு, சில ஆண்டுகளில் 1000 கோடியைத் தாண்டியது. பிறநாடுகளிலிருந்து எதிர்பார்த்த உதவி போதிய அளவு கிட்டவில்லை. பௌதிகத்தின் வேறு துறையில் நோபல் பரிசு பெற்ற பிலிப் அன்டர்சன் போன்றவர்களே, இத்தனை பணத்தையும் ஒரு துறைக்குக் கொட்டுவது முறையன்று என்று வாதாடினர். 1993 ஒக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் திட்டத்தைக் கைவிட்டது. அதற்குள் ஏறக்குறைய 200 கோடி டொலர் செலவாகி, 22 கிலோமீற்றருக்கு மேல் சுரங்கமும் தோண்டப்பட்டுவிட்டது. அந்த வேலையை நம்பிக் குடும்பத்தோடு குடிபெயர்ந்து வந்தவர்கள் வேறு வழி தேடிப் புறப்பட்டார்கள்.

தம் வீட்டாரைக் கேட்டவர்கள் அயலாரின் மனத்தைப் பெறத் தவறிவிட்டார்கள் என்றே நாம் இதற்குப் பொருள் கொள்கிறோம். பத்துத் துறைகளுள் ஒன்றைப் பொதுமக்களோடும் பிறரோடும் உறவு பேணுவதற்கென்றே 2022 மகாநாட்டினர் ஒதுக்கியது நல்ல பாடம் கற்றதன் அடையாளம்.

பொறுமையின் பலனுக்கு உதாரணம் ஜெனீவா நகருக்கருகே இருக்கிறது. சேர்ன் என்னும் ஐரோப்பிய ஆராய்ச்சி நிலையத்தார், 27 கிலோமீற்றர் சுரங்கத்தில் புரோத்தன்களை மோதவிடும் யோசனையை 1984இலேயே லோசான் நகரில் கூடி ஆராய்ந்தனர். பொறி இயங்கத் தொடங்கியது 2008இல். 1964இல் ஏட்டளவில் ஊகிக்கப்பட்ட ஹிக்ஸ் துணிக்கையைக் கண்டதாக அறிவித்தது 2012 ஜூலை 4ஆம் திகதி. பீற்றர் ஹிக்ஸ் 83 வயதில் அந்த மண்டபத்தில் அமர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரான்சுவா எங்லேரும் அங்கிருந்தார். ஆனால் 1964இல் எங்லேருடன் சேர்ந்து அதே எண்ணத்தை எழுதிய றொபேட் புறவுட் அங்கில்லை. அவர் முந்திய ஆண்டிலேயே காலமாகிவிட்டார். பனை காய்த்தது, நட்டவர்களுள் ஒருவர் பார்க்கவில்லை.

இனி வருவது என்ன? வழிகள் பல. புரோத்தன்களை மோதவிட்டால் உயர்ந்த சக்தி கிட்டும். ஆனால் அவை உட்பிரிவுகள் உள்ளவையாதலால் மோதலின் சிதறல்களிலிருந்து உண்மையைப் பொறுக்கியெடுப்பது கடினம். இலத்திரன்களின் மோதல் துப்புரவானது. ஆனால் வட்டப்பாதையில் ஓடும்போது அவை தம் சக்தியை ஒளியாக இறைத்துவிடுகின்றன. மியூவன் என்னும் துணிக்கை இலத்திரனைப் போன்றதே; ஆயினும் 207 மடங்கு கனமானது; ஆகையால் அவ்வாறு இறைப்பதில்லை. அதன் குறை ஆயுள். நிலையாக நின்றால் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய இரண்டு பங்கே அது வாழும். அதற்குள் அதைப் பிடித்து, ஒழுங்குபடுத்தி, முடுக்கி, மோதவிட வேண்டும்.

சியாற்றில் மகாநாட்டின் பின் கூடிய ஆலோசனைக் குழு, 2023 டிசம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது. ஹிக்ஸ் துணிக்கையை நுணுகி ஆராயும் பொறி பிறநாட்டில் அமையுமாயின் அதில் அமெரிக்கா பங்குகொள்ள வேண்டும் என்றும், மியூவன் வழியைக் குறித்த ஆராய்ச்சியைத் தொடர வேண்டும் என்றும் அது கூறியது. சேர்ன் நிலையத்தாரோ, ஏறக்குறைய 91 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வட்டம் ஒன்றைப் பற்றிய ஆய்வறிக்கையை 2025 மார்ச்சில் வெளியிட்டனர். முதற்கட்டச் செலவு 1500 கோடி சுவிஸ் பிராங்க் என்பது மதிப்பு. 2040களில் இலத்திரன் பொறியும், 2070களில் அதே சுரங்கத்தில் புரோத்தன் பொறியும் என்பது அவர்களுடைய எண்ணம்.

‘உலகில் பசித்திருப்போர் எத்தனையோ பேர், இதற்கா இவ்வளவு பணம்?’ என்று அடுப்படியிலிருந்து ஒரு கேள்வி எழுவது நம் காதில் விழுகிறது. அது நியாயமான கேள்வி. இந்தப் பொறியினால் அரிசி விலை ஒரு சதமும் குறையாது. அது மட்டுமன்று, ஹிக்ஸ் துணிக்கையைத் தேடியபோது, அந்தச் சக்தியில் ஏதாவது கிட்டியே தீரும் என்று சொல்லத் திடமான காரணம் இருந்தது. அடுத்த பொறிக்கு அவ்வாறான உத்தரவாதம் இல்லை. புதிதாக ஒன்றும் தென்படாமலே போகலாம்.

ஆயினும் பிரபஞ்சத்தில் நிறைந்துள்ள கரும்பொருள் யாதென்று நாம் அறியோம். சடப்பொருள் மிஞ்சி எதிர்ச்சடம் மறைந்தது எங்ஙனம் என்பதையும் அறியோம். தேடாமல் விட்டால் அறியப்போவதுமில்லை. கேட்கும் உரிமை விஞ்ஞானிக்கு உண்டு. மறுக்கும் உரிமை பணம் கொடுக்கும் மக்களுக்கு உண்டு. கிடைக்கக்கூடியதைக் கிடைத்தே தீரும் என்று சொல்லாமல், செலவைக் குறைத்துக் காட்டாமல், உள்ளதை உள்ளபடி வைத்துக் கேட்பதே நேர்மை. இவ்விரு உரிமைகளும் முகத்தோடு முகம் சந்திக்கும் இடமாக இருந்தாற்றான் இத்தகைய மகாநாடுகளுக்கு மதிப்புண்டு.

சியாற்றில் ஆயத்தங்களில், ஆராய்ச்சியிற் புதிதாகக் காலடி வைத்த இளைஞர்களும் தமக்கெனத் தனியாக ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டு பங்குபற்றினர். அது மிகவும் பொருத்தமே. திட்டம் தீட்டும் மூத்தவர்கள் முதற் கல்லைக் காணலாம், முடிவைக் காணமாட்டார்கள். 2070களில் அந்தப் பொறியருகே இரவு விழித்திருக்கப்போகும் நாற்பது வயது விஞ்ஞானி இன்னும் பிறக்கவேயில்லை. அவருக்காக எந்த மூலையில் கொட்டையைப் புதைப்பது என்றுதான் இவர்கள் இன்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் வீடுகளிலும் காணி, கல்வி, கடன் என்று நெடுங்காலக் காரியங்கள் பல உண்டு. அவற்றைத் தீர்மானிக்கும் வேளையில், பின்னாளில் சுமையைச் சுமக்கப்போகிற பிள்ளைகளையும் திண்ணையில் அருகே இருத்தி ஒரு வார்த்தை கேட்கிறோமா?