விருந்தாளி செலவுக் கணக்கா?

ஐரோப்பிய யூனியனின் 'எராஸ்மஸ் பிளஸ்' கல்விப் பரிமாற்றத் திட்டத்தில் பிரிட்டன் 2027 முதல் மீண்டும் சேர்கிறது. 2025 டிசம்பரில் இந்த அறிவிப்பு வெளியானபோது, முதலாண்டுப் பங்களிப்பான சுமார் 57 கோடி பவுண்டு குறித்தும், பல்கலைக்கழக மாணவர்களின் வாய்ப்பு குறித்துமே அதிகம் பேசப்பட்டது. பள்ளிகள் பேச்சின் ஓரத்தில் நின்றன. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அதுவே உறுத்துகிறது.

1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் உயர்கல்விக்கானது. பள்ளிகளுக்கான 'கொமேனியஸ்' திட்டம் 1995-இல் வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் மொராவியாவிலிருந்து வெளியேறி, நாடு நாடாக அலைந்த கல்வியாளர் ஒருவரின் பெயர் அது. 2005-இல் பள்ளிகளை இணையவழி இணைக்கும் 'இ-ட்வின்னிங்' உருவானது. 2014 முதல் எல்லாம் எராஸ்மஸ் பிளஸ் என்ற ஒரே குடையின்கீழ் வந்தன. 2021-27 காலத்துக்கான அதன் ஒதுக்கீடு சுமார் 2,600 கோடி யூரோ.

பள்ளிக் கூட்டு என்பது சுற்றுலா அன்று. இரு நாட்டு வகுப்புகள் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் சேர்ந்து பணியாற்றுகின்றன. இடையில் ஒருவர் ஊருக்கு மற்றவர் செல்கின்றனர். உள்ளூர் மரபுகள் அதற்கு ஏற்ற பாடப்பொருள். பல்கேரியாவில் மார்ச் 1-ஆம் தேதி சிவப்பும் வெள்ளையுமான நூலைக் கையில் கட்டிக்கொள்வார்கள். நாரையையோ பூத்த மரத்தையோ கண்டபின் அதைக் கழற்றி மரக்கிளையில் கட்டிவிடுவார்கள். ருமேனியா, மால்டோவா, வடக்கு மாசிடோனியா ஆகிய நாடுகளிலும் இதையொத்த வழக்கம் உண்டு. நான்கு நாடுகளுக்கும் பொதுவான மரபாக 2017-இல் யுனெஸ்கோ இதைப் பட்டியலில் சேர்த்தது. விருந்தாக வந்த மாணவன், 'ஏன் இந்த நிறங்கள், ஏன் மரத்தில்?' என்று கேட்டால், அந்த ஊர்ப் பிள்ளை தன் பாட்டியிடம் ஓட வேண்டியிருக்கும். தன் மரபைப் பிறருக்கு விளக்க நேரும்போதுதான் அது நமக்கே பாடமாகிறது. மரபுடை அணிந்து, பலகாரம் பரிமாறி, படம் எடுத்துக்கொண்டு முடிந்துபோகும் பரிமாற்றங்களும் உண்டு. அவற்றுக்கு வரிப்பணம் எதற்கு என்று கேட்பவர்களிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வரும் விருந்தாளியால் பயன்பெறுவோரில், ஒருபோதும் வெளிநாடு செல்ல வசதியில்லாத பிள்ளையும் இருக்கிறது. பிரிட்டன் போட்ட கணக்கில் இது இடம்பெறவில்லை. அந்நாடு அனுப்பிய மாணவர்களைவிட வரவேற்றவர்கள் ஏறத்தாழ இருமடங்கு. எனவே திட்டம் மிகுந்த செலவு பிடிக்கிறது என்றார் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன். வந்தவர்கள் தங்குவதற்கும் உண்பதற்கும் செலவிடும் பணம், பொருளியல் கணக்கில் சேவை ஏற்றுமதி. இதை முதலாண்டு மாணவர்களுக்கே சொல்லித்தருகிறோம்.

மாற்றாக 2021-இல் தொடங்கிய 'டூரிங்' திட்டம் வெளியே செல்வோருக்கு மட்டுமே பணம் தந்தது. உலகின் எந்த நாட்டுக்கும் செல்லலாம் என்பதும், ஏழை மாணவர்களுக்கு முன்னுரிமை என்பதும் அதன் உண்மையான சிறப்புகள். ஆனால், எதிர்ப்பக்கப் பள்ளிக்கு ஒன்றுமில்லை என்றால் அந்த உறவு எத்தனை ஆண்டு நீடிக்கும்? இந்தக் குறையை உணர்ந்த வேல்ஸ், 2022-இல் தொடங்கிய தனது 'டைத்' திட்டத்தில் வருவோருக்கும் நிதி ஒதுக்கியது.

பணம் ஒருபுறமிருக்க, 2021 அக்டோபர் முதல் ஐரோப்பியப் பள்ளிக் குழுக்கள் அடையாள அட்டையுடன் பிரிட்டனுக்குள் நுழைய முடியாமல் போனது. ஒரு வகுப்பில் பாதிப் பிள்ளைகளிடம் கடவுச்சீட்டு இல்லையென்றால் எந்த ஆசிரியர் பயணத்துக்குத் திட்டமிடுவார்? 2023 டிசம்பர் இறுதியில் பிரெஞ்சுப் பள்ளிக் குழுக்களுக்கு மட்டும் இந்த விதி தளர்த்தப்பட்டது.

பிரான்ஸும் ஜெர்மனியும் போட்ட கணக்கு வேறு. 70 ஆண்டுகளில் மூன்று போர்களைக் கண்ட அந்நாடுகள், 1963-இல் டி கோலும் அடினாவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக, அதே ஆண்டில் கூட்டு இளைஞர் அமைப்பை ஏற்படுத்தின. இதுவரை 90 லட்சத்துக்கும் அதிகமான இளைஞர்கள் அதன் வழியே பங்கேற்றிருக்கிறார்கள். யார் அதிகம் அனுப்பினார், யார் அதிகம் வரவேற்றார் என்பது அங்கே வாதப்பொருளாகவில்லை.

மீண்டும் சேரும் பிரிட்டனின் சிறிய பள்ளிகளில் விண்ணப்பப் படிவங்களை நிரப்பவே தனி ஆள் இருக்கப்போவதில்லை. அந்த 57 கோடியில் ஒரு பகுதியையாவது அவற்றுக்கு உதவும் பணியாளர்களுக்காக இப்போதே ஒதுக்கிவைக்க வேண்டும். பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குத் தந்த அடையாள அட்டைச் சலுகையை மற்ற நாட்டுப் பள்ளிக் குழுக்களுக்கும் நீட்டிக்க 2027 வரை காத்திருக்கத் தேவையில்லை.