ஒற்றரினும் கொடியது ஐயம்

1964ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஒரு மோட்டார் வாகனத்துள் ஒரு கடிதம் கண்டெடுக்கப்பட்டது. அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்த வில்லியம் அல்பேர்ட்சன் என்பாரின் கையெழுத்தில், அவரே அரசுக்குத் தகவல் வழங்குபவர் எனக் கொள்ளத்தக்கவாறு அது அமைந்திருந்தது. அவர் மறுத்தார், கட்சி நம்பவில்லை. காட்டிக்கொடுத்தவர் எனப் பழி சுமத்தி அவரை வெளியேற்றியது. அப்பழி நீங்காமலே 1972இல் அவர் இறந்தார். கடிதம் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகம் புனைந்து வைத்த போலி என்பது பின்னரே வெளிவந்தது. 1989இல் அரசு அவர் மனைவியாருக்கு 170,000 டொலர் வழங்கி வழக்கை முடித்துக்கொண்டது. இங்கு எழும் முதன்மையான வினா, போலியை எழுதியவர் யார் என்பதன்று. தோழர்கள் அதனை ஏன் அத்துணை எளிதில் நம்பினர் என்பதே.

1956 முதல் 1971 வரை அப்பணியகம் நடத்திய 'கொயின்ரெல்புறோ' என்னும் மறைமுகத் திட்டத்தின் உயிர்நாடி இதுவேயாகும். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத் தொடங்கிய அது, பின்னர் கறுப்பின உரிமை இயக்கங்களையும் மாணவர் இயக்கங்களையும் பற்றிக்கொண்டது. இத்திட்டத்தின் கீழ் 2,370 நடவடிக்கைகள் அங்கீகரிக்கப்பட்டன என 1976இல் செனற் சபைக் குழு வெளிப்படுத்தியது. பெயரற்ற கடிதங்கள், பொய் வதந்திகள், கணவன் மனைவியரைப் பிரிக்கும் சூழ்ச்சிகள், உண்மைத் தொண்டரை ஒற்றரெனக் காட்டும் போலிச் சான்றுகள் ஆகியன அவற்றுள் அடங்கும். ஒட்டுக் கேட்பதோடு அமையாது, கேட்பதாக எல்லோரையும் எண்ணச் செய்வதும் அவர்களது நோக்கமாயிருந்தது. 1971 மார்ச் 8ஆம் நாளிரவு பென்சில்வேனியாவின் மீடியா என்னும் சிற்றூரில் எண்மர் பணியகக் கிளையொன்றினுட் புகுந்து கைப்பற்றிய ஆவணங்களுள் ஒன்று, அத்தகைய அச்சத்தை வளர்ப்பதற்காகவே விசாரணைகளை மிகுவிக்குமாறு அலுவலர்க்கு அறிவுறுத்தியது.

"அவ்வாறாயின் ஒற்றரைத் தேடிக் களைவதன்றோ முதற் கடமை?" என நண்பர் சிலர் வினவுவர். இக்கருத்தை யாம் முற்றாக மறுக்கின்றோம். சிக்காகோவில் கருஞ்சிறுத்தைகள் கட்சியின் பாதுகாப்புப் பொறுப்பாளராயிருந்தவர் வில்லியம் ஓநீல். ஒற்றர் நுழையாது காக்கவேண்டிய அவரே பணியகத்தின் ஒற்றர்! தலைவர் பிரெட் ஹம்ப்டனின் இல்லத்து வரைபடத்தை வழங்கியவரும் அவரே. 1969 டிசெம்பர் 4ஆம் நாள் விடியுமுன் பொலிசார் அங்கு புகுந்து சுட்டதில், இருபத்தொரு வயதினரான ஹம்ப்டனும் மார்க் கிளார்க்கும் மாண்டனர். அதே ஆண்டு மே மாதத்தில் நியூ ஹேவனில் அலெக்ஸ் ராக்லி என்னும் உறுப்பினரை, ஒற்றர் என்ற ஐயத்தினால் அவர்தம் தோழர்களே வதைத்துக் கொன்றனர். வேட்டை உண்மை ஒற்றரைத் தொடவில்லை, தோழனைக் கொன்றது.

மாறாக, சோசலிசத் தொழிலாளர் கட்சி 1973இல் நீதிமன்றத்தை நாடியது. 1960 முதல் 1976 வரை ஏறத்தாழ 1,300 பேர் அக்கட்சியைப் பற்றித் தகவல் வழங்கினர் என்பதும், அவருள் சுமார் 300 பேர் உறுப்பினராகவே இருந்தனர் என்பதும் அவ்வழக்கின் வழியே நிறுவப்பட்டன. 1986இல் நீதிபதி 264,000 டொலர் இழப்பீடு விதித்தார். எத்துணை வேட்டையாடியிருந்தாலும் அம்முந்நூற்றுவரைக் கண்டிருக்க முடியுமா? கண்டிருப்பினும், அதற்குள் கட்சிதான் எஞ்சியிருக்குமா?

ஆகவே தற்காப்பு என்பது ஆளை ஆராய்வதிலன்று, ஒழுகலாற்றைச் செம்மையாக்குவதிலேயே தங்கியுள்ளது. சான்றின்றி எவரையும் ஒற்றர் எனக் கூறலாகாது; கூறுவோரிடம் சான்று கேட்டல் வேண்டும். பெயரற்ற கடிதம் வந்தால் அதனைச் சம்பந்தப்பட்டவரிடமே காட்டி நேரிற் பேசுதல் வேண்டும். வன்செயலுக்குத் தூண்டுபவர் ஒற்றராயினும் அவசரக்காரராயினும் விளைவு ஒன்றே. எனவே அச்செயலை மறுத்தலே போதும், ஆளைத் துருவுதல் வேண்டா. கணக்குகள் எல்லோர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். தேவையற்ற பெயர்ப் பட்டியல்களை வைத்திருத்தலாகாது. இல்லாத ஏட்டை எவராலும் கைப்பற்ற இயலாது. விசாரணைக்கு அழைக்கப்பட்டவர் தனித்துச் செல்லாது சட்டத்தரணியின் துணையை நாடுதல் வேண்டும். தொல்லைகளை நாளும் நேரமும் குறித்து எழுதிவைத்தல், பின்னர் வழக்கிலும் ஆய்விலும் பயன்படும்.

இன்று கைத்தொலைபேசி, ஒற்றர் செய்த வேலையிற் பெரும்பகுதியைத் தானே செய்துவிடுகின்றது. அரசுகளின் கண்காணிப்பு எத்துணை விரிந்ததென்பதை 2013இல் எட்வேர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. செய்திகளை மறைகுறியாக்கி அனுப்புதலும், கூட்டங்களுக்குத் தொலைபேசியைக் கொண்டு செல்லாமையும் நன்றே. ஆயினும் பூட்டு எத்துணை வலியதாயினும், உள்ளிருப்போர் ஒருவரையொருவர் ஐயுறின் வீடு நிலைக்காது. அல்பேர்ட்சனை அழித்த கடிதத்தை எழுதியது பணியகம். ஆனால் அவரை வெளியேற்றும் தீர்மானத்திற்குக் கையுயர்த்தியோர் அவருடைய தோழர்களே. இயக்கம் நடத்த முன்வருவோர் யாவரும் மறவாதிருக்க வேண்டியது இதுவே.