எடையா, பருமனா?

திருப்பதிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய சாந்தப்பா, 1967-இல் பட்நாகர் பரிசு பெற்ற பாலிமர் அறிஞர். அவ்வாண்டிலேயே பெனுவா குழுவினர் வெளியிட்ட ஓர் உண்மையைப் பல ஆய்வேடுகள் இன்றும் மதிப்பதில்லை.

அலிபிரிப் படிவழியில் மண்டபந்தோறும் நுழைந்து செல்லும் யாத்திரிகர் பிந்துவதுபோல, நுண்துளை மணிகள் நிறைந்த குழாயில் சிறு மூலக்கூறுகள் துளைதோறும் புகுந்து பிந்துகின்றன, பெரியவை முந்துகின்றன. குழாய் பிரித்தறிவது பருமனையே, எடையை அன்று. ஒரே எடையுள்ள இருவேறு பாலிமர்கள் கரைசலில் வெவ்வேறளவு விரியும். ஆகவே பாலிஸ்டைரீனைப் படிக்கல்லாகக் கொண்டு பிற பாலிமருக்குக் கண்ட எண் பெரிதும் பிறழக்கூடும். பாகுநிலையையும் அளந்து கணித்தல் வேண்டும். ஒளிச்சிதறலால் நேரே அளத்தல் இன்னும் நன்று. இயலாதவிடத்து, 'பாலிஸ்டைரீனுக்குச் சமமான எடை' என்றேனும் குறித்தல் கடமை. அச்சொற்களை மிகையெனக் கருதி மொழிபெயர்ப்பில் நானும் ஒருமுறை நீக்கியதுண்டு, இனி நீக்கேன்.