மழையில் நடந்து அறியும் நகரம்

அயல்நாட்டுக்குப் பயிலச் செல்லும் மாணவர் பலர், அங்கே மூன்றே இடங்களை அறிந்துகொண்டு ஊர் திரும்புகின்றனர். தங்கும் அறை ஒன்று; வகுப்பறை ஒன்று; மளிகைக் கடை ஒன்று. இடையிலுள்ள நகரம் பேருந்தின் கண்ணாடி வழியே கடந்துபோன காட்சியாகவே நின்றுவிடுகிறது. காரணம் கேட்டால் பணம், நேரம், தனிமை என்பர்; குளிர்நாடுகளில் மழையையும் சேர்த்துக்கொள்வர். முதல் மூன்றும் மெய்யான இடர்களே. மழையைத் தடையெனக் கொள்வதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. புதிய நகரத்தை மழையில் நடந்து அறிவதே மாணவருக்கு உகந்தது என்பது என் கருத்து.

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவை எடுத்துக்கொள்வோம். மழை ஓயாத ஊர் என்று பெயர் பெற்ற அந்நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. நம் சென்னையில் பெய்வதோ ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர். சென்னை மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். எடின்பரோவின் மழையோ ஆண்டு முழுவதும் தூறலாகப் பரந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு, வடகடலிலிருந்து மூடுபனியும் வந்து தெருக்களை நிறைக்கும். அதனை அவ்வூரார் 'ஹார்' என்பர். எனவே, மழை விட்டபின் ஊரைப் பார்க்கலாம் எனக் காத்திருப்பவருக்குப் படிப்பே முடிந்துவிடும்!

மழை அந்நகரின் மேடு பள்ளங்களைக் கற்பிக்கவும் செய்கிறது. அணைந்துபோன எரிமலையின் பாறைமீது கோட்டை அமர்ந்திருக்கிறது. அங்கிருந்து கிழக்கே ஹோலிரூட் அரண்மனை வரை ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலான தெரு, முதுகெலும்புபோல் சரிந்து இறங்குகிறது. அதன் இருபுறமும் 'குளோஸ்' எனப்படும் ஒடுங்கிய சந்துகள் கிளைக்கின்றன. ஒன்றின் பெயர் இறைச்சிச் சந்தையைக் குறிக்கிறது, இன்னொன்று மீன் சந்தையை, வேறொன்று அடுமனையை. எந்தச் சந்து எப்பக்கம் சரிகிறது என்பதைப் படிக்கட்டுகளில் வழிந்தோடும் நீரே காட்டிவிடும். வடபுறச் சந்துகளின் நீர் முற்காலத்தில் ஓர் ஏரியை நோக்கி ஓடியது. அவ்வேரி வற்றவைக்கப்பட்டு, இன்று பூங்காவாகவும் இருப்புப்பாதையாகவும் மாறியிருக்கிறது.

கைப்பேசி வரைபடம் இவற்றைச் சொல்வதில்லை. நான்காம் ஜார்ஜ் பாலமும் கவ்கேட் தெருவும் வரைபடத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். நாற்சந்தி என்று எண்ணிக்கொண்டு அங்கே போய் நிற்பவர் பாலத்தின் கைப்பிடிச் சுவரருகே எட்டிப் பார்த்தால், தாம் தேடிய தெரு பல அடி ஆழத்தில் கீழே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நகரின்மேல் இன்னொரு நகரம்! நனைந்த சட்டையோடு படிக்கட்டைத் தேடி அலைந்தவர் அதனை வாழ்நாளில் மறக்கமாட்டார்.

பள்ளத்தைத் தாண்டி வடக்கே சென்றால் புதுநகரம். ஜேம்ஸ் கிரெய்க் என்னும் இளைஞர் வகுத்த திட்டம் 1767ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு, நேரிய அகன்ற தெருக்கள் எழுந்தன. அழகுதான், ஆனால், பழைய நகரின் உயர்ந்த வீடுகள் தடுத்த காற்று இங்கே தடையின்றி வீசுகிறது. குடை ஒரு நொடியில் தலைகீழாகப் புரண்டுவிடும். மழையங்கியே துணை. அவ்வங்கியின் வரலாற்றிலும் அந்நகர மாணவர் ஒருவருக்குப் பங்குண்டு. நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் ஒரு நீர்மம் ரப்பரைக் கரைக்கும் என்று 1818இல் கண்டறிந்து எழுதியவர் ஜேம்ஸ் சைம். அப்போது அவர் இருபது வயதை எட்டாத மாணவர். பின்னாளில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மக்கின்டோஷ் அம்முறையில் நீர்புகாத் துணி செய்து 1823இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரே மழையங்கிக்கும் பெயராயிற்று.

நனைந்தால் உடல்நலம் கெடாதா, இருட்டில் தனியே நடக்கலாமா என்று பெற்றோர் கேட்பது முறையே. டிசம்பரில் அங்கே பிற்பகல் மூன்றே முக்காலுக்குள் ஞாயிறு மறைந்துவிடும். ஆகவே, குளிர்காலத்தில் காலை வேளையே நடைக்கு ஏற்றது. 251 மீட்டர் உயரமுள்ள ஆர்தர்ஸ் சீட் குன்றில் மூடுபனி நாளில் ஏறுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன், ஈரப்பாறை வழுக்கும். நல்ல காலணிக்குச் செலவிடத் தயங்கக்கூடாது. மழை வலுத்தால் ஒதுங்குவதற்கு ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. மாணவரின் மெலிந்த பணப்பைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தனிமைக்கும் ஓரளவு மருந்துண்டு. ஒரே கூரையின் கீழ் மழைக்கு ஒதுங்கியவர்கள் வானிலையைப் பற்றியேனும் பேசத் தொடங்கிவிடுவர். அவர்களிடம் வழி கேட்டுப் பழகும் ஆங்கிலம் வகுப்பறை ஆங்கிலத்தைவிட விரைவில் நாவில் ஏறும்.

அதே சந்துகளில் வாழ்ந்து, நடந்து, நகரங்களைப் பற்றிச் சிந்தித்தவர் பேட்ரிக் கெடிஸ். உயிரியல் பயின்ற அவர், 1886இல் திருமணமானதும் பழைய நகரின் நெருக்கடியான குடியிருப்பொன்றில் மனைவியுடன் குடியேறினார். ஊரைத் திருத்த முனைவோர் அதனை முதலில் நேரில் சுற்றிக் கண்டறிய வேண்டும் என்பது அவரது கொள்கை. 1914இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவரது நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னைமீது குண்டு வீசிய அதே எம்டன் மூழ்கடித்தது. அவர் தளரவில்லை, புதிதாகத் திரட்டிய பொருள்களைக் கொண்டு சென்னையில் கண்காட்சி நடத்தினார். பின்னர் தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். பழந்தெருக்களை இடித்து நேர்சாலை போடுவதை எதிர்த்த அவர், இன்றியமையாத இடங்களில் மட்டும் சிறிது திருத்தி, மரங்களையும் குளங்களையும் காக்குமாறு நம் நகராட்சிகளுக்கு எடுத்துரைத்தார்.