ஆண் நாய்க்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம்?

பெண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் என்றால் உடனே சம்மதிக்கும் வீடுகளில்கூட, ஆண் நாய் என்றதும் "பாவம் டாக்டர், அது மட்டும் வேண்டாம்" என்ற பதில்தான் வருகிறது. உழவு மாட்டையும் ஆட்டுக்கிடாவையும் காயடிப்பதில் தமிழகக் கிராமங்களுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. வீட்டு நாய்க்கு என்றால் மட்டும் அது ஏதோ கௌரவப் பிரச்சினை ஆகிவிடுகிறது! நாய் ஆரோக்கியமாக இருக்கும்போது தயங்கினால் அதை ஒரு கருத்து என்று விட்டுவிடலாம். நோய் வந்த பிறகும் தயங்கினால்...?

முதலில் விரை இறங்காத குட்டிகளைப் பார்ப்போம். பிறந்து சுமார் இரண்டு மாதத்துக்குள் இரண்டு விரைகளும் வயிற்றிலிருந்து விரைப்பைக்குள் இறங்கிவிட வேண்டும். ஆறு மாதமாகியும் இறங்காதது இனி இறங்குவது அரிது. உடல் சூட்டிலேயே தங்கிவிடும் அந்த விரையில் கட்டி வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். செர்டோலி செல் கட்டி என்ற வகை ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பதுண்டு. அப்போது ஆண் நாய்க்கு முலை பெருக்கும், முடி கொட்டும், முற்றினால் எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்படும். "அதான் ஒன்று இறங்கியிருக்கிறதே, கிராஸ் விட அது போதும்" என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. இது பரம்பரையாக வரும் குறை என்பதால் அந்தக் கணக்கின் கடன் குட்டிகள் தலையில் விழுகிறது. இரண்டு விரைகளையும் நீக்குவதே சரியான சிகிச்சை.

அடுத்தது புராஸ்டேட் வீக்கம். விரை நீக்கப்படாத நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுத்தர வயதைத் தாண்டும்போது இந்தச் சுரப்பி பெருக்கிறது. நாய் மலம் கழிக்க முக்கும், குறியிலிருந்து ரத்தம் சொட்டும். விரைகளை நீக்கினால் சில வாரங்களிலேயே சுரப்பி சுருங்கத் தொடங்கிவிடும். ஃபினாஸ்டிரைடு மாத்திரையும் சுருக்கும், ஆனால் நிறுத்தினால் வீக்கம் திரும்பும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. விரை நீக்கினால் புராஸ்டேட் சுருங்கும் என்பதை நாய்களிடம் ஆராய்ந்தவர் சார்லஸ் ஹக்கின்ஸ். அந்த அறிவைக் கொண்டு மனிதரின் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை கண்டதற்காக அவருக்கு 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது. நாய் கற்றுக்கொடுத்த வைத்தியம் மனிதனுக்குக் கிடைத்துவிட்டது, வீட்டு நாய்க்குத்தான் மறுக்கப்படுகிறது!

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கோல்டன் ரெட்ரீவர் நாய்களுக்கு ஒரு வயதுக்குள் விரை நீக்கினால் மூட்டு நோய்கள் அதிகரிப்பதாகக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வு 2013-ல் காட்டியது. ஆபரேஷனுக்குப் பிறகு எடை கூடும். இது புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்றும் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் கத்திதான் தீர்வு என்பதும் தவறு. தெருநாய்களிடம் இணைசேரும்போது தொற்றும் பிறப்புறுப்புக் கட்டியை வெட்டி எடுத்தால் பல நேரம் மீண்டும் முளைக்கும். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று சில வாரம் போட்டால் பெரும்பாலும் முழுக்க மறைந்துவிடும்.

ஆகவே எந்த நாய்க்கு, எந்த வயதில், எதற்காக என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பேச்சில் "ஆம்பளை நாய்" என்ற மனிதப் பெருமைக்கு இடமில்லை. விரை போனதற்காக எந்த நாயும் வெட்கப்படுவதில்லை. சிறுநீர் கழிக்க முடியாத வலி மட்டும்தான் அதற்குத் தெரியும்.